பெப்தைட்டுக் களிம்புகளும் முகத்துத் திரைகளும்

கல்லூரி விழாவொன்றுக்குப் பழைய மாணவர் கூடும்பொழுது முதலில் நிகழ்வது யாதெனின், ஒருவர் முகத்தை மற்றவர் உற்றுநோக்குதலாகும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரே வாங்கில் அமர்ந்திருந்தோர், இன்று ஒருவரையொருவர் இன்னாரென அறியச் சிறிது நேரம் வேண்டியிருக்கின்றது. நரை வந்துவிட்டது, திரையும் வந்துவிட்டது. நரைக்குச் சாயம் உண்டு. அதனைப் பூசுவோர் வெட்கப்படும் காலமும் மலையேறிவிட்டது. திரைக்கு மருந்துண்டோ என்பதே இப்பொழுது எழுந்துள்ள கேள்வி. அதற்கு விடையெனக் கடைகளிலே சிறு சிமிழ்கள் வந்து நிரம்பியுள்ளன. அவற்றுட் பலவற்றின் மீது 'பெப்தைட்டு' என்னுஞ் சொல் பொன்னெழுத்தாற் பொறிக்கப்பட்டிருக்கின்றது. அச்சொல்லைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றோம். விழா மலருக்கு இஃது ஏற்ற பொருளோ என ஐயுறும் அன்பர்கள், தத்தம் வீட்டுக் கண்ணாடி மேசையை ஒருமுறை பார்த்துவிட்டு வருவாராக.

நாம் பல்லேபொலவிற் பிறந்தோம். மாத்தளைக்குப் பஸ்ஸேறி வந்து கற்றோம். பின்னர் பல்லாண்டுகள் இரசாயனம் கற்பித்தோம். ஓய்வு பெற்று ஊர் திரும்பிய பின்னரும் 'இரசாயனம் படித்தவர்' என்னும் பெயர் எம்மை விட்டபாடில்லை. வயலுக்கு அடிக்கும் மருந்து முதல் கிணற்று நீரின் உவர்ப்பு வரை எல்லாம் எம்மிடமே வருகின்றன. அவ்வாறே அயலிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், மத்திய கிழக்கிலே தொழில் புரியும் மகள் அனுப்பிய சிமிழொன்றைக் கையிற் பொத்திக்கொண்டு வந்து, "சேர், இதைப் பூசலாமா?" என வினவினார். அதிலே ஐம்பது கிராம் களிம்பு இருந்தது. அதன் விலைக்குச் சிறு குடும்பமொன்றுக்கு ஒரு மாத அரிசி வாங்கலாம். சிமிழின் பெட்டியிலே முப்பதுக்கு மேற்பட்ட பொருட்களின் பெயர்கள் எறும்பெழுத்தில் அச்சிடப்பட்டிருந்தன. கைவில்லை கொண்டு வாசித்தோம். முதலிலே நீர், அடுத்துக் கிளிசரின், பின் எண்ணெய் வகைகள். இருபதாவது இடத்தையும் தாண்டிய பின்னரே பெப்தைட்டு தலைகாட்டியது. "பூசுவதாற் கேடில்லை, ஆனால்..." என்று தொடங்கினோம். அந்த 'ஆனால்' நீண்டுவிட்டது.

பெப்தைட்டு என்பது புதுமையான பொருளன்று. எமது உடலிலுள்ள புரதங்கள் யாவும் அமினோ அமிலங்கள் என்னும் சிற்றலகுகள் சரம்போற் கோக்கப்பட்டு ஆனவை. நீண்ட சரம் புரதம்; அதன் சிறு துண்டம் பெப்தைட்டு. நீரிழிவு நோயாளர் நன்கறிந்த இன்சுலினும் இக்குலத்ததே. அதில் 51 அமினோ அமிலங்கள் உள்ளன. அவை எந்த வரிசையிற் கோக்கப்பட்டுள்ளன என்பதைக் கேம்பிரிட்ஜிலே பிரெடெரிக் சாங்கர் 1955 அளவில் முற்றாகக் கண்டறிந்தார். அதற்காக 1958-இல் நோபல் பரிசும் பெற்றார். நம் பழைய மாணவர் சங்கத்திலே இன்சுலின் ஏற்றிக்கொள்வோர் தொகை சிறிதன்று. அவர்களை ஒன்று கேட்கின்றோம். நாள்தோறும் ஊசியாற் குத்திக்கொள்வதை விடுத்து, அம்மருந்தைக் களிம்பாக்கி வயிற்றின் மேற் பூசிக்கொண்டால் ஆகாதோ? ஆகாது. தோல் அதனை உள்ளே விடாது. 1922 முதல் இன்றுவரை ஊசி ஒழியாதிருப்பதற்கு அஃதொரு காரணம். விழுங்கினால் வயிறு அதனைச் செரித்துவிடும் என்பது மற்றொன்று.

தோலின் மேற்புறத்திலே இறந்த கலங்கள் ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கப்பட்ட படையொன்று உண்டு. பெரும்பாலான இடங்களில் அதன் தடிப்பு மில்லிமீற்றரின் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேற்படாது. ஆயினும், நாம் குளத்தில் இறங்கினால் ஊறிப் பெருக்காமலும், வெயிலில் நின்றால் வற்றிப் போகாமலும் காப்பது அப்படையே. கலங்களுக்கு இடையே கொழுப்புப் பொருள் நிரம்பியிருத்தலின், நீரில் எளிதிற் கரையும் பொருட்களுக்கு அங்கே வழியில்லை. பருமனான மூலக்கூறுகளுக்கும் வழியில்லை. மூலக்கூற்றுத் திணிவு 500-ஐக் கடந்த பொருள் நலமான தோலினூடே செல்லுதல் அரிது என்று பொஸ், மெயினார்டி என்னும் இருவர் 2000-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். இன்சுலினின் திணிவு ஏறக்குறைய 5800. ஆசிரியையின் சிமிழில் இருந்த பாமிற்றொயில் பென்டாபெப்தைட்டு-4 என்பதன் திணிவு 802. முகத்தசையைத் தளர்த்தி நெற்றிச் சுருக்கத்தை நீக்கும் எனப் புகழப்படும் அசெற்றைல் ஹெக்சாபெப்தைட்டு-8 என்பதற்கு 889. வாயிற்காவலன் இவற்றைக் கண்டு புன்னகை செய்வானேயன்றிக் கதவைத் திறவான். ஐந்து அமினோ அமிலங்கொண்ட துண்டத்தோடு பாமிற்றிக் அமிலத்தை ஒட்டியதும் இக்காரணம் பற்றியே. அக்கொழுப்பமிலம் நம் தேங்காயெண்ணெயிலும் சிறிதளவு உண்டு. அதன் துணையால் துண்டம் ஓரளவு உட்புகலாம் என்பது ஆக்கியோர் எண்ணம்.

இவ்வெண்ணம் வெறும் வியாபாரக் கற்பனையெனத் தள்ளுதல் நேர்மையாகாது. 1973-இல் லோரன் பிக்காட் என்பவர், மூன்று அமினோ அமிலங்களால் ஆகியதும் செப்பை விரும்பிப் பற்றுவதுமாகிய பெப்தைட்டொன்றை மனிதக் குருதியிலேயே கண்டார். அதன் திணிவு 340 மாத்திரமே. 1993-இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர், கொலாசன் உருவாகுங்காற் கழிக்கப்படும் பகுதியிலுள்ள ஐந்தலகுத் துண்டமொன்றைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வளர்த்த கலங்களுக்கு இட்டபொழுது, அவை மேலுங் கொலாசனை ஆக்கக் கண்டனர். கொலாசன் குறைதலே திரையின் தலையாய காரணங்களுள் ஒன்றாதலின், இதனை முகத்திற் பூசினால் என்ன என்று எண்ணியதில் வியப்பில்லை. ஆயின், கண்ணாடிப் பாத்திரத்துக் கலத்துக்கு மேலே தோலென்னும் கூரை கிடையாது. அங்கே நிகழ்வதெல்லாம் முகத்திலும் நிகழும் எனல், நாற்றுமேடையிற் கண்டதை வயல் முழுவதற்கும் விலைபேசுதல் போன்றது.

முகத்திலும் சோதித்தனர். 2005-இல் வெளியான ஆய்விலே 35 முதல் 55 வயது வரையான 93 பெண்கள், முகத்தின் ஒரு பாதிக்குப் பெப்தைட்டுச் சேர்ந்த களிம்பும் மறுபாதிக்கு அது சேராத அதே களிம்புமாகப் பன்னிரண்டு வாரம் பூசினர். எப்பாதியில் எது என்பது அவர்களுக்குந் தெரியாது, அளந்தவர்க்குந் தெரியாது. பெப்தைட்டுப் பூசிய பாதியில் நுண்ணிய சுருக்கங்கள் சற்றுக் குறைந்தன. இவ்வாய்வின் ஒழுங்கை நாம் மெச்சுகின்றோம். ஆய்ந்தவர்கள் அத்தகைய களிம்புகளை விற்கும் நிறுவனமொன்றின் பணியாளர் என்பதையும், கண்ட வேறுபாடு சிறிது என்பதையும் உடன் சொல்லல் வேண்டும். நெற்றிச் சுருக்கத்துப் பெப்தைட்டின் கதை இதனினும் மெலிந்தது. 2002-இல் வெளியான கட்டுரையிலே, முப்பது நாளிற் சுருக்கத்தின் ஆழம் முப்பது சதவீதம் வரை குறைந்தது எனக் கூறப்பட்டது; பூசிக்கொண்டவர் தொகை பத்து! நம் கல்லூரியின் வகுப்பறையொன்றின் முன்வரிசையைப் பார்த்து முழுப் பாடசாலையின் உயரத்தைக் கணக்கிட்ட மாணவனுக்கு நாம் எத்தனை புள்ளி இட்டிருப்போம்?

அளவு பற்றியும் ஒரு சொல். மேற்கூறிய 2005-ஆம் ஆண்டு ஆய்விற் சேர்க்கப்பட்ட பெப்தைட்டு, பத்து இலட்சத்தில் மூன்று பங்கு. ஐம்பது கிராம் சிமிழுக்கு அது 0.15 மில்லிகிராம் ஆகும்; உப்புத் தூளின் சில பரல்களே. எமக்குப் பழைய தொழிற்பித்து எழுந்தது. ஆசிரியையிடம் கடலையளவு களிம்பை வாங்கி, எம் மாணாக்கராயிருந்து இன்று விஞ்ஞான ஆசிரியராயுள்ளவரின் ஆய்வுகூடத்துக்குச் சென்று பையூரேற்றுச் சோதனை செய்தோம். எரிசோடாவும் செப்புச் சல்பேற்றும் இட்டால் முட்டை வெண்கரு ஊதாநிறம் காட்டுவதை நம் மாணவர் எல்லாரும் செய்து பார்த்திருப்பர். களிம்போ நீலமாகவே இருந்து எம்மைப் பார்த்தது. ஆதலின் அதிற் பெப்தைட்டே இல்லை என முடிவு கட்டலாகாது. அத்துணைச் சிறிய அளவைக் காட்டும் நுண்மை அச்சோதனைக்கு இல்லை. சூழ நின்ற மாணவர் சிரித்தனர், யாமும் சிரித்தோம். ஒரு சதவீதத்துக்குக் கீழ்ப்பட்ட சேர்க்கைகளைப் பட்டியலின் பிற்பகுதியில் எவ்வரிசையிலும் எழுதலாம் என்பது ஐரோப்பிய விதி. எனவே, வாசனைக்கு முன்னே பெப்தைட்டின் பெயர் நின்றாலும் அது வாசனையினும் மிகுதி என்று கொள்ளவியலாது.

பின் ஏன் பலர் பயன் கண்டதாகச் சொல்கின்றனர்? பொய் சொல்கின்றனர் அல்லர். கிளிசரினும் எண்ணெயும் சேர்ந்த எக்களிம்பும் தோலில் நீரைத் தங்கவைக்கும். நீர் தங்கிய தோலிலே நுண்சுருக்கம் மறையும். அப்புகழ் முழுவதும் இருபதுக்கு அப்பால் எழுதப்பட்டவருக்குப் போய்ச் சேருகின்றது.

முகத்தைத் திரைக்கும் பெரும்பகைவனைப் பற்றி இச்சிமிழ்கள் பெரும்பாலும் வாய் திறவா. அவன் வெயிலோன். அமெரிக்காவிலே இருபத்தெட்டு ஆண்டு சரக்கு வண்டி ஓட்டிய 69 வயது முதியவரின் படம் ஒன்று 2012-இல் மருத்துவ இதழில் வந்தது. கண்ணாடி யன்னல் பக்கத்து இடக்கன்னம் பாளம் பாளமாகத் திரைந்திருக்க, வலக்கன்னம் இளமையோடிருந்தது. நம் நாட்டிலே சாரதி வலப்புறம் அமர்வதால், நம் பஸ் சாரதிகளின் வலக்கன்னத்தை அன்பர்கள் அடுத்த பயணத்திற் கவனிக்கலாம். ஒஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உள்ள நம்பூர் என்னும் ஊரிலே 55 வயதுக்குக் குறைந்த 903 பேரை நாலரை ஆண்டு தொடர்ந்து ஆராய்ந்து, 2013-இல் முடிவு வெளியிட்டனர். நாள்தோறும் வெயிற்காப்புக் களிம்பு பூசியோரின் தோல் மூப்பு, விரும்பியபோது பூசியோரினும் 24 சதவீதம் குறைவாயிருந்தது. பத்துப் பேர் எங்கே, தொள்ளாயிரத்து மூவர் எங்கே! வைத்தியர் எழுதிக் கொடுக்கும் விற்றமின் ஏ வழிவந்த திரெற்றினொயின் என்னும் மருந்துக்கும் 1986 முதல் தக்க சான்றுண்டு. அது தோலைச் சிவக்கச் செய்யும், கருவுற்றோர் தவிர்க்க வேண்டியது, கடையிற் கேட்டு வாங்கிப் பூசத்தக்கதன்று. பல்லேபொல வயல்வெளியிலே நடுப்பகல் வரை குனிந்து நிற்கும் பெண்களுக்கு இவையெல்லாம் எட்டாக் கனிகளாயின், அகன்ற தொப்பியும் நீண்ட கையுடைய சட்டையும் எட்டுவனவே.

இனிக் கேட்டின் கணக்கு. பூசும் பெப்தைட்டுக்களால் விளையும் தீங்கு, இதுவரை அறிந்தவளவிற் சிறிது. அழகுப் பொருட்களை ஆராயும் அமெரிக்க நிபுணர் குழு, பாமிற்றொயில் வகையினவற்றைப் பாவனையிலுள்ள அளவிற் பாதுகாப்பானவை என்றே முடிவு செய்தது. அக்குழுவின் செலவைத் தொழிற்றுறையே தாங்குகின்றது என்பதையும் வாசகர் மனத்திற் கொள்ளலாம். தோல் அரிப்பும் தடிப்பும் உண்டானாற் பெரும்பாலும் அதற்குக் காரணம் வாசனைப் பொருளும் பழுதடையாமற் காக்கச் சேர்க்கும் பொருளுமே. உட்புகாத பொருள் நன்மையுஞ் செய்யாது, தீமையுஞ் செய்யாது என்பது எளிய நியாயம்.

அந்த நியாயம் ஊசிமுனையில் முறிந்துவிடுகின்றது. எமது பழைய மாணாக்கர் ஒருவர் ஓரிரவு தொலைபேசியில் அழைத்தார். மகளுக்குத் திருமணம் நெருங்கியிருந்தது. நகரமொன்றின் அழகு நிலையத்திலே நிறம் வெளுக்கவும் முகம் பொலியவும் வாரமொருமுறை 'குளுற்றதயோன்' சேலைனாக ஏற்றி வந்தனர். மூன்றாம் முறை ஏற்றியபின் நடுக்கமும் வாந்தியும். "சேர், அது உடம்பிலேயே இருக்கிற பொருள்தான் என்று சொன்னார்களே" என்றார் தந்தை. சொன்னது பொய்யன்று. குளுற்றதயோன் மூன்று அமினோ அமிலங்களாலாகிய பெப்தைட்டு. ஒவ்வொரு கலத்திலும் உண்டு. 1921-இல் ஹொப்கின்ஸ் அதற்கு அப்பெயரிட்டார். ஆயின், உடம்பில் உள்ளதென்பதனால் அதனைப் போத்தலில் வாங்கி நாளத்துள் விடலாம் என்பது எவ்வாறு பெறப்படும்? தோலென்னும் காவலும் வயிறென்னும் காவலும் ஒருங்கே கடக்கப்பட்டபின், போத்தலில் இருப்பது எதுவாயினும் நேரே இதயத்துக்குச் செல்லும். பிலிப்பைன்ஸ் நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2011-இலேயே இவ்வழக்கத்துக்கு எதிராக எச்சரித்தது. நிறம் வெளுப்பதற்கு இவ்வூசி அங்கே அனுமதிக்கப்படவில்லை. தோல் வெடிப்பு, தைரொயிட்டுக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு என்பனவும் எடுத்துக் கூறப்பட்டன. 2019-இல் அமெரிக்காவிலே, ஊசிக்குரிய தரமற்ற குளுற்றதயோன் தூளைக் கொண்டு ஆக்கிய மருந்தை ஏற்றிய எழுவருக்குக் குளிரும் வாந்தியும் குருதியமுக்க வீழ்ச்சியும் கண்டதாக அந்நாட்டு நிர்வாகம் அறிவித்தது. எம் மாணாக்கரின் மகள் வைத்தியசாலையில் இருநாள் இருந்து தேறி வந்தாள். பிள்ளையின் நிறம் பற்றி எவரும் ஒரு குறையும் சொல்லியிருக்கவில்லை. தாய்க்குத்தான் படத்தில் எப்படி விழுமோ என்னும் ஏக்கம். இவ்வேக்கத்தை நாம் வீடுதோறும் காண்கின்றோம். அதனை விற்றுப் பிழைப்போரிடமே எமக்குக் கோபம்.

இரண்டாவது வாயில், பெயரும் முகவரியும் அற்ற சிமிழ். கேரளத்து மலப்புறம் மாவட்டத்திலே கோட்டக்கல் என்னும் ஊரின் வைத்தியர்கள், 2021 யூலைக்கும் 2023 செப்ரெம்பருக்கும் இடையே சிறுநீரிற் புரதம் ஒழுகும் சிறுநீரக நோயாளர் 22 பேரை ஆராய்ந்தனர். அவருள் 15 பேரிடம் அரிதான ஒருவகைக் குறி காணப்பட்டது. அப்பதினைவருள் 13 பேர் முகம் வெளுக்கும் களிம்பு பூசி வந்தோர். களிம்பிலே இரசம் இருந்தது. பூசுவதை நிறுத்தியபின் பெரும்பாலானோர் தேறினர். இரசம் பெப்தைட்டன்று, அது வேறு கதை என்பீராயின், வாங்குபவருக்கு அது ஒரே கதை என்போம். ஒரே கண்ணாடிப் பெட்டியில், ஒரே நிறப் பொன்னெழுத்தில், ஒரே 'இளமை' வாக்கோடு இரண்டும் வீற்றிருக்கின்றன. பெப்தைட்டு எனப் பொறித்த சிமிழினுள் பெப்தைட்டு இல்லாதிருப்பது பண நட்டம். இரசம் இருப்பது உயிர் நட்டம். மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கை 2017-இல் இணைந்தது. இரசஞ் சேர்த்த அழகுப் பொருட்கள் 2025-உடன் முற்றாக நீங்கவேண்டும் என அதன் உறுப்பு நாடுகள் 2023-இல் தீர்மானித்தன. தீர்மானம் ஜெனீவாவில்; சிமிழ் நம் கடைவீதியில்.

இவ்விரண்டுக்கும் இடையே நிற்கவேண்டியது நாட்டின் சட்டம். எமது 1980-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டம் அழகுப் பொருட்கள், சாதனங்கள், மருந்துகள் என மூன்றையும் தன் பெயரிலேயே தாங்கியிருந்தது. அழகுப் பொருளுக்கு முதலிடம். அச்சட்டத்தை நீக்கி வந்த 2015-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டம் மருந்து, மருத்துவச் சாதனம், இவற்றின் எல்லையோரத்துப் பொருள் என்பனவற்றைத் தலைப்பிற் கொண்டது. அழகுப் பொருள் முதலிடத்தை மட்டுமன்று, இடத்தையே இழந்தது. 2003-ஆம் ஆண்டின் சட்டப்படி இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை விலை, திகதி, சுட்டுத்துண்டு என்பனவற்றை நோக்குகின்றது. சிமிழினுள் இருப்பது நலத்துக்கு உகந்ததோ என விற்பனைக்கு முன்பே ஆராயும் கடமை வேறு. ஐரோப்பாவிலே 2009-ஆம் ஆண்டின் 1223-ஆம் இலக்க ஒழுங்குவிதி, பொருள் கடைக்கு வருமுன் அதன் பாதுகாப்பைத் தகுதியுடைய ஒருவர் மதிப்பிட்டு ஒப்பமிடல் வேண்டும் என்கின்றது. அமெரிக்காவும் 2022-இல் தன் பழைய சட்டத்தை இறுக்கியது. நாமோ இருந்த பெயரையும் எடுத்துவிட்டோம். அழகுப் பொருட்களுக்கெனத் தனிச்சட்டம் வேண்டும் என்பது எமது துணிபு.

இதனாற் பாதிக்கப்படுவர் என அஞ்சும் உள்ளூர் உற்பத்தியாளர்க்கும் ஒரு வார்த்தை. மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் வீதியின் வாசனைத் திரவியத் தோட்டங்களிலே சந்தனமும் மஞ்சளும் சேர்ந்த களிம்புகளை வெளிநாட்டார் வாங்கிச் செல்வதை யாவரும் அறிவர். 'இயற்கை' என்னும் சொல்லே காப்புறுதி என்று நாம் ஒப்பமாட்டோம்; இரசமும் இயற்கையில் உள்ளதே. ஆயினும், நேர்மையாக அரைத்து நேர்மையாக அடைப்பவருக்கு அதனை நிரூபிக்கத் தனிச்சட்டத்தின் துணை இல்லாதிருப்பது அவருக்கே நட்டம்.

சட்டம் வரும் வரை நம் கல்லூரி கைகட்டியிருக்க வேண்டியதில்லை. உயர்தர இரசாயன வகுப்பிலே பெப்தைட்டுப் பிணைப்பைக் கரும்பலகையில் வரைகின்றோம். அன்றே மாணவர் தத்தம் வீட்டிலிருந்து ஒரு வெற்றுச் சிமிழைக் கொண்டு வரட்டும். முதல் ஐந்து பெயர்கள் எவை, ஆக்கியோர் யார், இறக்குமதி செய்தோர் யார், தொகுதி இலக்கம் உண்டா என வாசிக்கட்டும். திணிவு 500-க்கு மேலா கீழா என்று கணக்கிடட்டும். ஒரு பாடவேளை போதும். இரசச் சோதனையைப் பாடசாலையிற் செய்ய முற்படலாகாது. அதற்குத் தக்க ஆய்வுகூடங்கள் உள. தமையன்மாரும் தமக்கைமாரும் பூசுவதை ஒரு பதினேழு வயதுப் பிள்ளை வாசித்துக் காட்டினால், வைத்தியர் சொல்வதினும் விரைவாக அது வீட்டில் ஏறும் என்பது எமது நீண்டகால அனுபவம்.

ஆசிரியை தம் சிமிழை முடியும்வரை பூசினார். மகள் மனம் நோகக் கூடாதல்லவா? திரை குறைந்ததா என்று கேட்டோம். "முகம் மெத்தென்று இருந்தது, சேர். கண்ணாடியில் ஆள் மாறவில்லை" என்றார். இப்பொழுது பல்லேபொலச் சந்திக்கு வரும்போது குடை பிடித்து வருகின்றார். வெற்றுச் சிமிழிலே ஏலக்காய் போட்டு வைத்திருக்கின்றாராம். மூடி நன்றாக இறுகுகின்றது, வாசனை போகவில்லை என்றார்.